டெய்போரின் சொந்தப் பாட்டு

ஷில்லாங்கில் ஒருவனுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும் என்று சொல்வது அவனுக்கு மூக்கு இருக்கிறது என்று சொல்வதைப் போல. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பல் டாக்டர் வாசிப்பார். முச்சந்தியில் விசில் ஊதும் போலீஸ்காரர் வாசிப்பார். எங்கள் பாதிரியார் வாசித்து, கேட்டவர்கள் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு போன கதையும் உண்டு. ஆகவே, ஒரு செப்டம்பர் காலையில் டெய்போர் நனைந்த கிட்டாரோடு என் சாப்பாட்டுக் கடைக்குள் வந்து, எங்கள் ஊரில் அண்ணன்மார்களுக்குப் போடுகிற 'பாஹ்' போட்டு, "பாஹ் ரிஷான், நான் பேண்டை விட்டுட்டேன்" என்று சொன்னபோது நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எத்தனாவது தடவை?"

"இதான் கடைசி. இனிமே அடுத்தவன் பாட்டை என் வாய் பாடாது. என் வார்த்தை, என் மெட்டு, என் குரல். நான் தனிக் கலைஞன்."

"சரி. டீயும் தனியாத்தான் குடிப்பியா, இல்ல என் கணக்கா?"

டெய்போருக்கு இருபத்தாறு வயது. ஒல்லி. அழகான குரல்தான், அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆறு வருடமாகக் கல்யாண வீடுகளிலும் ஹோட்டல்களிலும் அமெரிக்கர்களின் பழைய ராக் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தவன். திடீரென்று எங்கள் மலை மொழியான காசியில் தானே எட்டுப் பாட்டு எழுதியிருந்தான். அவற்றைச் சனிக்கிழமை மத்தியானம் என் கடையில் பாட வேண்டுமாம். சம்பளமும் சாப்பாடும் கேட்டான்.

நான் இயெவ்துஹ் சந்தையில் கருவாடு விற்றவளின் மகன். யாராவது முதல் விலையைச் சொன்னால் என் முகம் தானாகவே துக்க வீட்டு முகமாகிவிடும். அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் சம்பளத்தை விட்டான். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டாவது துண்டுக் கறியையும் விட்டான். கலைஞர்களோடு பேரம் பேசுவது சுலபம். அவர்கள் பாதி வழியில் வேறெதையோ நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

முதல் சனிக்கிழமை அவன் பாடியது குடைப் பாட்டு. வாசலில் ஒரு கிழவர் மழையில் நிற்கிறார். உள்ளே வரச் சொன்னால் வர மாட்டேன் என்கிறார். கையில் இருக்கும் குடையை நீட்டுகிறார். விரித்தால் அதில் மூன்று கம்பி ஒடிந்திருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. ஆனால் டெய்போர் கண்ணை மூடிக்கொண்டு அதை ஏழு நிமிடம் பாடினான். என் வாடிக்கையாளர்கள் பன்றிக்கறிச் சோற்றைப் பிசைந்தபடி, தங்கள் நிலத்தகராறுகளைச் சற்று உரக்கப் பேசினார்கள். பாட்டு முடிந்ததும் ஒருவர், "தம்பி, தெரிஞ்ச பாட்டா ஒண்ணு போடேன்" என்றார்.

"இது என் பாட்டு, பாஹ்."

"அதான் சொல்றேன். வேற போடு."

அடுத்த வாரம் அவனுடைய தாய்மாமன் வந்தார். பெயர் ஜென்டில்சன், சிமெண்ட் ஏஜெண்ட். எங்கள் வீடுகளில் அப்பா என்பவர் பாசத்துக்கு, தாய்மாமன் முடிவுக்கு. ஒரு தட்டுச் சோறும் ஒரு கிண்ணம் மூளைக்கறியும் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி முடிவைச் சொன்னார்.

"பாடு. நான் தடுக்கல. ஆனா எவ்வளவு நாள்? உங்கம்மா என்னைப் பார்க்கிறப்பல்லாம் அழறா. மாவ்கார் கிளப் ஹால்ல நூத்தம்பது நாற்காலி இருக்கு. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்கு. அதை நிரப்பிக் காட்டு. கடைசிப் பாட்டு வரைக்கும் நிரம்பியே இருக்கணும். அப்படி இருந்துட்டா என் ஆயுசுக்கும் சிமெண்ட்டுன்னு வாயெடுக்க மாட்டேன்."

"இல்லாட்டி?"

"திங்கக்கிழமை காலைல எட்டு மணி. மாவ்லாய் கோடவுன். மூட்டை எண்ண ஆள் இல்லாம நிக்குது."

டெய்போர் மார்பை நிமிர்த்தி, "சரி மாமா" என்றான்.

"இன்னொண்ணு. நம்ம குலத்து ஆளுங்களக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சா கணக்குல சேராது."

அங்கேதான் அவன் மார்பு கொஞ்சம் இறங்கியது. அவர்களுடைய சிந்தியூ குலத்தில் மட்டும் இரண்டு ஹால் நிரப்பலாம். மீதி ஊரை நம்பினால் இரண்டு பெஞ்சு.

அப்படியே போயிருந்தால் கதை கோடவுனில் முடிந்திருக்கும். ஆனால் அக்டோபர் முதல் சனிக்கிழமை கோங் மில்டா என் கடையில் சாப்பிட உட்கார்ந்தாள். கோங் என்றால் அக்கா. தெருமுனையில் வெற்றிலை பாக்கு விற்கிறவள். வாய் நிறையப் பாக்கும் மனசு நிறைய எண்களுமாக இருப்பாள். எந்த எண்கள் என்று இந்த ஊரில் யாரையும் கேட்க வேண்டாம். தினமும் பிற்பகல் போலோ மைதானத்தில் வில்லாளிகள் வைக்கோல் பொதியில் அம்பு விடுகிறார்கள். தைத்த அம்புகளை எண்ணினால் வரும் தொகையின் கடைசி இரண்டு இலக்கத்துக்குப் பணம் கட்டியிருந்தால் ஒன்றுக்கு எண்பது. தீர் என்பது அதுதான். ஞாயிறு மட்டும் விடுமுறை, தேவனுக்காக. எந்த எண்ணில் கட்டுவது என்பதைக் கனவு சொல்லும். பாம்பு, பிணம், ஆறு, மாமியார், எல்லாவற்றுக்கும் எண் உண்டு. சின்னக் குழந்தை தூக்கத்தில் அழுதால்கூட, சமாதானப்படுத்துவதற்கு முன்னால் என்ன பார்த்தாய் என்று கேட்கிற ஊர் இது.

குடைப் பாட்டு முடிந்ததும் கோங் மில்டா மெல்லுவதை நிறுத்தினாள்.

"தம்பி, அந்தக் கிழவரு வாசலுக்கு உள்ளயா, வெளியவா?"

டெய்போர் திகைத்துப் போனான். அவன் பாட்டைப் பற்றி ஓர் உயிர் கேட்ட முதல் கேள்வி அது.

"வெளிய, கோங். அதுதான் அந்தப் பாட்டோட வலியே. அவரு ரெண்டு உலகத்துக்கும் நடுவுல…"

"வலி கிடக்கட்டும். கம்பி மூணுதானே? நல்லா எண்ணினியா?"

"மூணுதான். மூணுங்கிறது வந்து, ஒரு குறைபாட்டோட…"

"முதல்ல ஆளு, அது ஆறு. பெறகு கம்பி, மூணு. அறுபத்து மூணு" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். சோறு பாதித் தட்டில் இருந்தது. கோங் மில்டா சோற்றை மிச்சம் வைத்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அன்று பிற்பகல் விழுந்தது அறுபத்து மூன்று.

அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கே கடையில் இடமில்லை. கோங் மில்டா புதுச் சால்வையோடு முன் மேசையில் இருந்தாள். அவளைச் சுற்றி அவள் சித்தி பெண்கள், காய்கறிக்காரிகள், டாக்சிக்காரர்கள். எல்லோர் கையிலும் துண்டுத் தாள், காதில் பென்சில். அவன் பாடுவதெல்லாம் அவன் கண்ட கனவு என்று கோங் மில்டா ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். டெய்போர் மைக்கைத் தொட்டதும் ஒரு தும்மல்கூட இல்லை. அவன் ஆற்றில் மிதந்து போகும் பச்சைக் கதவைப் பற்றிப் பாடினான். பென்சில்கள் ஓடின.

இடைவேளையில் அடுப்படிக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது.

"பார்த்தீங்களா? வரி வரியா எழுதிக்கிறாங்க பாஹ்! ஒரு அக்கா வந்து கதவுக்குத் தாழ்ப்பா இருந்துச்சா பூட்டு இருந்துச்சான்னு கேக்குறாங்க. எந்த யுனிவர்சிட்டிக்காரன் இந்த மாதிரி கேட்டிருக்கான்?"

"ஒருத்தனும் கேட்டதில்ல" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று சோறு பன்னிரண்டரைக்கே தீர்ந்துபோய் மறுபடி உலை வைத்திருந்தேன். கொதிக்கிற இரண்டாம் உலைக்கு முன்னால் நின்றுகொண்டு உண்மை பேசும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அக்டோபர் முழுவதும் அவன் தலை மேகத்தில்தான். உள்ளூர்ப் பேப்பரில் ஒரு பேட்டி வந்தது. "மக்கள் என் படிமங்களைத் தங்கள் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கிறார்கள்" என்று சொல்லியிருந்தான். வாசித்தபோது அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்று தோன்றியது. கழுத்தில் ஒரு மப்ளர் சுற்ற ஆரம்பித்தான். பழைய பேண்டுக்காரர்களைப் பார்த்தால், "இன்னும் அடுத்தவன் பாட்டுத்தானா?" என்று விசாரித்தான்.

ஒரு வாரம் 'என் ஆன்மாவின் தனிமை' என்று புதுப் பாட்டு ஒன்று பாடினான். அதில் ஆள் இல்லை, விலங்கு இல்லை, தண்ணீர்கூட இல்லை. பென்சில்கள் அந்தரத்தில் நின்றன. கடைசியில் ஒரு காய்கறிக்காரி எழுந்து, "தம்பி, இதுல கையில பிடிக்கிற மாதிரி ஒண்ணுமே இல்லையே. ஒரு ஆடாவது இருக்கக் கூடாதா?" என்றாள். அவன் அதைக் கலை விமர்சனமாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் ஆட்டைச் சேர்த்தான்.

கூட்டம் பெருகியதற்குக் காரணம் எல்லா வாரமும் எண் விழுந்தது அல்ல. விழுந்தது இரண்டே முறை. விழாத நாளில் தப்பு பாட்டின் மேல் வராது. கணக்குப் போட்டவன் மேல் வரும். ஆட்டைப் பார்த்தவன் கொம்பை எண்ணாமல் விட்டுவிட்டான் என்பார்கள். ஆனால் நவம்பர் நடுவில் பைன்ஷாய் என்ற டாக்சிக்காரன் பசுமாட்டுப் பாட்டை நம்பி டயர் வாங்க வைத்திருந்ததை மொத்தமாகக் கட்டிவிட்டு வந்து, டெய்போரின் மப்ளரைப் பிடித்துவிட்டான்.

"உன் மாடு என்னைத் தெருவுல நிறுத்திடுச்சுடா! எத்தனை காலு சொன்ன? நாலு சொன்னியா இல்லையா?"

"மாட்டுக்கு நாலு காலுதானே பாஹ்!"

"அப்ப ஏண்டா எழுபத்தொண்ணு விழுந்துச்சு?"

எல்லாம் விளங்க டெய்போருக்கு அரை நிமிடம் ஆயிற்று. டாக்சிக்காரனை ஒரு தட்டுச் சோறு கொடுத்து உட்கார வைத்துவிட்டு நான் திரும்பியபோது, டெய்போர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவங்க பாட்டு கேக்க வரலை."

"காது திறந்துதானே இருந்துச்சு? எதுக்குத் திறந்தா உனக்கென்ன? சபைக்கு வர்றவங்க எல்லாரும் தேவனுக்காகவா வர்றாங்க? பாதிப் பேரு பொண்ணு பார்க்க வர்றான்."

"நான் ஹால்ல எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லப் போறேன். இதெல்லாம் நான் முழிச்சிருந்து எழுதினது, கனவே இல்லைன்னு."

"தாராளமா சொல்லு. கோடவுன்ல எட்டு மணின்னா எட்டு மணி, உங்க மாமா லேட்டாப் போனா விட மாட்டாரு" என்றேன்.

அவன் மப்ளரைத் தொண்டையைச் சுற்றி இறுக்கிக்கொண்டான். மாவ்லாய் கோடவுனை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் போய் வந்தால் இரண்டு நாளைக்குச் சளியே சாம்பல் நிறத்தில் வரும். பாடுகிறவன் தொண்டைக்கு அது என்ன செய்யும் என்று அவனுக்கும் தெரியும்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை மாவ்கார் ஹாலில் நூற்றைம்பது நாற்காலியும் நிறைந்து, சுவரோரமாக நாற்பது பேர் நின்றார்கள். தீர் கவுண்டர் மூடுவதற்குள் வெளியே போக வேண்டும் என்பதற்காகச் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மாமா ஜென்டில்சன் கோட்டும் டையுமாக. ஒரு பக்கம் டெய்போரின் அம்மா, மறுபக்கம் அவன் கடைசித் தங்கை இபான்ரி. பத்தொன்பது வயது, நர்சிங் படிக்கிறாள், அதிகம் பேச மாட்டாள். மாமா அடிக்கடி பின்னால் திரும்பித் தலைகளை எண்ணினார். அங்கே தன் குலத்து முகம் ஒன்றுகூட இல்லை என்பதைப் பார்த்து அவர் முகத்தில் ஆச்சரியமும் கொஞ்சம் வருத்தமும் தெரிந்தது. மூட்டை எண்ண வேறு ஆள் தேட வேண்டுமே.

முதல் பாட்டாகக் குடைப் பாட்டையே பாடினான். முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது பின்வரிசையில் பைன்ஷாய் எழுந்தான். பழைய டயரின் கோபம் இன்னும் இருந்தது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க! இவன் பாஹ் ரிஷான் கடையில உக்காந்து எழுதுறதை என் கண்ணால பார்த்தேன். மீனுன்னு எழுதினான். அடிச்சான். கோழின்னு போட்டான். கனவை எவனாவது அடிச்சுத் திருத்துவானா? கேளுங்க அவனை. தூக்கத்துல பார்த்ததா, உக்காந்து ஜோடிச்சதா?"

ஹாலில் ஒரே சலசலப்பு. ஜோடித்த கனவில் பணம் கட்டுவது என்பது எங்களிடையே வரைந்த பசுவில் பால் கறப்பதைப் போன்ற காரியம். சிரிப்பார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஏழெட்டுப் பேர் எழுந்துவிட்டார்கள். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஏழு பாட்டு இருந்தது.

டெய்போர் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். தகரத்தில் மழை விழ ஆரம்பித்திருந்தது.

இரண்டு மாதமாகக் காத்திருந்த மேடை. இது நான் எழுதியது, என் வார்த்தை, என் மெட்டு என்று சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் ஒரு பாட்டுக்காரனுக்கு வாய்க்காது. அவன் வாயைத் திறந்தான்.

"நான் எழுதல" என்றான்.

எழுந்தவர்கள் நின்றார்கள்.

"தூக்கத்துல வந்துச்சு. காலைல எழுந்து மறந்துடாம குறிச்சு வைப்பேன். மீனா கோழியான்னு அரைத்தூக்கத்துல சரியாத் தெரியல. பெறகு ஞாபகம் வந்துச்சு, கோழிதான்."

"அப்படிச் சொல்லு!" என்றாள் கோங் மில்டா. "வாசல்ல நிக்கிற கிழவரு யாரு? தெரிஞ்ச ஆளா?"

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தான். யாரென்று தெரியாத கிழவருக்கு எண் மாறிவிடும்.

"எங்கம்மாவோட மாமா. செத்துப் பன்னண்டு வருஷமாச்சு."

முன்வரிசையில் அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பைன்ஷாயையே இரண்டு காய்கறிக்காரிகள் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் யாராவது, "இதையும் அவருதான் குடுத்தாரா?" என்று கேட்டார்கள். "அவர்தான்" என்றான். மூன்றாவது பாட்டில் கிழவர் இருமினார். ஐந்தாவது பாட்டில் அவருக்கு ஒரு பழுப்புக் கோட்டு வந்துவிட்டது. கடைசிப் பாட்டு முடியும்வரை ஒரு நாற்காலிகூடக் காலியாகவில்லை. முடிந்த மறுநொடி மொத்த ஹாலும் கவுண்டருக்கு ஓடியது. கைதட்ட நேரம் இல்லை.

காலி நாற்காலிகளுக்கு நடுவே மாமா ஜென்டில்சன் மேடைக்கு நடந்து வந்தார். மருமகனைக் கட்டிப்பிடித்தார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"ஜெயிச்சுட்டே. சொன்னா சொன்னதுதான். இனிமே சிமெண்ட்டுன்னு பேச மாட்டேன். பாடு, ஆயுசுக்கும் பாடு."

"தேங்க்ஸ் மாமா."

"அந்த நோட்டைக் குடு."

"எந்த நோட்டு?"

"பெரியவரு குடுத்த பாட்டெல்லாம் எழுதி வச்சிருக்கியே, அது. உனக்குன்னா குடுத்தாரு? வீட்டுக்குக் குடுத்தாரு. அது எங்க இருக்கணும்னு உனக்கு நான் சொல்லணுமா?"

எல்லோரும் இபான்ரியைப் பார்த்தார்கள். ஆண் தன் கையால் உழைத்துச் சேர்த்ததில் அவனுக்குப் பேச்சு உண்டு. ஆனால் குலத்துப் பெரியவர்களிடமிருந்து வந்தது வீடானாலும் வெண்கலமானாலும் கடைசி மகளுக்கு. இதில் வக்கீல் வைத்து வாதாடப் போனவர்கள் வக்கீலின் கடைசித் தங்கையைப் பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

டெய்போர் கிட்டார் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மாமா, அது சும்மா சொன்னது. சத்தியமா நான்தான் எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும். நீங்களே பாஹ் ரிஷானைக் கேளுங்க!"

மாமா என் பக்கம் திரும்பினார். நான் ஒரு நாற்காலியை மடக்க ஆரம்பித்தேன். அது மடக்குகிற நாற்காலி அல்ல.

"இருநூறு பேரு முன்னாடி செத்தவர் பேரைச் சொல்லிச் சொன்னே" என்றார் மாமா, குரலை உயர்த்தாமல். "அது பொய்யின்னா சரி, பொய்யாவே இருக்கட்டும். பொய் சொல்லி உக்கார வச்ச நாற்காலியை நான் எண்ண மாட்டேன். அப்ப ஹால் நிரம்பல. திங்கக்கிழமை எட்டு மணி. எது வேணும்னு நீயே சொல்லு."

சந்தையில் இருபது வருடம் நின்றவன் நான். இவ்வளவு சுத்தமான பேரத்தை நான் பார்த்ததில்லை. இரண்டு தட்டிலும் ஒரே ஆளை வைத்து நிறுத்துவிட்டார்.

டெய்போர் கிட்டார் பெட்டியைத் திறந்து நீல அட்டை நோட்டை எடுத்தான். தங்கையிடம் நீட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே நின்று பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"அண்ணா" என்றாள். "இந்த மூணாவது பாட்டு கொஞ்சம் நீளமா இருக்குல்ல?"

இப்போதும் சனிக்கிழமைகளில் என் கடையில் பாடுகிறான். எந்தப் பாட்டு என்பதை வெள்ளிக்கிழமை இபான்ரி சொல்லி அனுப்புவாள். மூன்றாவது பாட்டு இரண்டு நிமிடத்தில் முடிகிறது, முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. சம்பள விஷயம் நான் அவளோடுதான் பேசினேன். அதைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

சொந்தப் பாட்டும் எழுதுகிறான். தினமும் காலை பத்து மணிக்கு, என் கடையின் நடு மேசையில், பட்டப்பகலில், கண்ணை அகல விழித்துக்கொண்டு. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் நானும் என் சமையல்காரியும் முழித்திருந்து எழுதியதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம். ஐந்து பாட்டு ஆகிவிட்டது. ஐந்தும் அவனுடையதுதான். குலம், மாமா, தங்கை, யாரும் தொட முடியாது.

போன சனிக்கிழமை அதில் ஒன்றைப் பாடினான். ஆரம்பிக்கும் முன்பே, இது முழித்திருந்து எழுதியது என்று நேர்மையாக அறிவித்தான். கோங் மில்டா எழுந்து கை கழுவப் போனாள். டாக்சிக்காரர்கள் கறியின் விலையைப் பற்றி என்னோடு சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். பாட்டு முடிந்ததும் டெய்போர் நேராக என்னிடம் வந்தான்.

"எப்படி இருந்துச்சு பாஹ்?"

"அருமை" என்றேன். "நீ இதுவரைக்கும் எழுதினதுலயே இதுதான் பெஸ்ட்."

"எந்த வரி?"

அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.